முதலில் அளப்போம், பிறகு கரண்ட் கொடுப்போம்

(பழைய வீட்டுக் கணனிகளின் மின்வழங்கிப் பழுதுகளைக் கண்டறிதல் – ஒரு பாடம்)



நோர்வூட்டில் நாம் நடத்தும் மாலை வகுப்புக்கு, வெளிநாட்டிலுள்ள நல்லுள்ளங்கள் சிலர் ஒரு பெரிய மரப்பெட்டியை அனுப்பியிருந்தனர். அதற்குள் நான்கு பழைய வீட்டுக் கணனிகள் இருந்தன. இரண்டு கொமடோர் 64, ஒன்று சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம், மற்றது பிபிசி மைக்ரோ. பிபிசி மைக்ரோ 1981இலும் மற்றவை 1982இலும் சந்தைக்கு வந்த வகைகள். பிள்ளைகளின் ஆவலுக்கு அளவில்லை. எமக்கும் அப்படித்தான்.

அந்த ஆவலில் முதல் மாலையே ஒரு கணனியைக் கொன்றுவிட்டோம். கொமடோரை எடுத்தோம், அதனுடன் வந்த கனமான கறுப்புப் பவர் பெட்டியைச் சுவரில் செருகினோம், சுவிட்சைப் போட்டோம். நீலத்திரை வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பத்து நிமிடம் கழிந்ததும் திரையெங்கும் பொருளற்ற எழுத்துகள் நிறைந்தன. பிறகு கறுப்பு. அதற்குப் பின் அந்தக் கணனி எழும்பவே இல்லை.

மறுநாள்தான் மீற்றரை எடுத்து அந்தப் பவர் பெட்டியை அளந்தோம். 5 வோல்ட் தரவேண்டிய இடத்தில் 8 வோல்டுக்கு மேல் காட்டியது. கணனியில் குறை இருக்கவில்லை. அதற்குக் கரண்ட் கொடுத்த பெட்டிதான் அதைக் கொன்றது. அளந்து பார்க்க இரண்டு நிமிடமும் ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தை நாம் ஒதுக்கவில்லை. அந்தத் தவறிலிருந்து பிறந்ததே இந்தப் பாடம்.

நாற்பது வருடப் பழைய கணனி எமக்கு எதற்கு?

சிலர் இப்படிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கணனிகளைப் பழகினால் இன்றைய அலுவலகத்தில் வேலை கிடைக்கும் என்று நாம் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இவற்றின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கின்றன. மீற்றரின் முனையை வைத்து அளக்கலாம். இந்தியாவில் 1984இல் பாடசாலைகளுக்கெனத் தொடங்கிய கணனிக் கல்வித் திட்டத்துக்கும் இந்த பிபிசி மைக்ரோவையே தெரிந்தெடுத்தார்கள். கற்பதற்கென்றே உருவான கருவி அது.

இன்னொரு காரணமும் உண்டு. இவற்றின் மின்வழங்கியில் வரும் பழுதுகள்தான் எமது வீடுகளிலுள்ள ரேடியோ அடப்டரிலும் சோலார் விளக்கிலும் வருகின்றன. இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்று ஒவ்வொரு பொருளையும் இரண்டாம் முறை வாங்கவேண்டியிருக்கிறது. அதை வீணாக எரியவிடாமல் காப்பது சிறிய காரியமல்ல.

நாம் இருக்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எடுத்துரைத்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரைக்கொண்டு இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இல் வந்தது. மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இவ்வளவு அருகிலிருந்தும் லயத்து மக்கள் நெடுங்காலம் குப்பிலாம்புடன்தான் வாழ்ந்தார்கள். பிந்தி வந்த மின்சாரத்தைப் பற்றிய அறிவும் பிந்தியே வரவேண்டும் என்றில்லை.

மின்வழங்கி என்ன செய்கிறது?

எமது வகுப்புக்கு மகனை அழைத்து வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தைவிட்டு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர். யுத்தத்தில் அந்த நிலத்தையும் விட்டு, உறவினரைத் தேடி மீண்டும் இங்கே வந்தவர். கொமடோர் செத்த கதையை அவருக்குச் சொன்னோம். அவர் கேட்டார்:

“அப்ப சேர், குளத்துத் துருசு உடைஞ்ச மாதிரித்தானே? துருசு உடைஞ்சா குளத்துக்கு ஒண்டும் ஆகாது. வயல்ல நிக்கிற பயிர்தான் அழியும்.”

“அதேதான் ஐயா” என்றோம். இதைவிடத் தெளிவாக எம்மால் விளக்கியிருக்க முடியாது.

சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரம் நிறைந்த குளம் போன்றது. கணனியின் சில்லுகள் இளம் நாற்று. அவற்றுக்கு வேண்டியது 5 வோல்ட் மட்டுமே. இடையில் நான்கு உறுப்புகள் வேலை செய்கின்றன.

டிரான்ஸ்போமர்: 230 வோல்டை ஏறக்குறைய 9 வோல்டாகக் குறைக்கிறது. இங்கு மின்சாரம் இன்னும் ஏசி, அதாவது முன்னும் பின்னும் மாறி ஓடுவது.

டயோட்டுகள்: ஒருவழிக் கதவுகள். மாறி ஓடும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன.

கண்டன்சர்: சிறிய தொட்டி. அலையலையாக வருவதைத் தேக்கி ஒரே சீராக விடுகிறது.

ரெகுலேற்றர்: இதுதான் துருசு. மேலே எவ்வளவு வந்தாலும் கீழே 5 வோல்ட் மட்டும் போகவிடுகிறது.

வோல்ட் என்பதை நீர்மட்டத்தின் உயரம் என்றும், அம்பியர் என்பதை ஓடும் நீரின் அளவு என்றும் நினைவில் வைக்கலாம். இந்த நான்கில் எது பழுதானால் என்ன நடக்கும் என்பது இப்போது ஓரளவு உங்களுக்கே விளங்கும்.

தொடுவதற்கு முன்

கீழுள்ளவற்றை மனப்பாடம் செய்த பின்னரே எமது வகுப்பில் மீற்றர் கையில் தரப்படுகிறது.

1. சுவர்ப் பக்கமுள்ள 230 வோல்ட் உயிரைக் குடிக்கும். சிறுவர் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது. அவர்கள் அளப்பது கணனிக்குப் போகும் குறைந்த வோல்ட் பக்கத்தை மட்டுமே.

2. தனியாக எவரும் வேலை செய்யவேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரியவேண்டும்.

3. ஈரத்தரையில், வெறுங்காலுடன் வேண்டாம். மேசைக்கு வரும் மின்சாரம் டிரிப் சுவிட்ச் வழியாக வரவேண்டும்.

4. பிபிசி மைக்ரோவிலும் இன்றைய போன் சார்ஜர்களிலும் உள்ள மின்வழங்கி வேறு வகை. அதில் 230 வோல்ட் முதலில் நேரடியாக டிசியாக மாற்றப்படுவதால், உள்ளே 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் சில நேரம் அது நிற்கும். ஆகவே அந்த வகையைப் பயிற்சியுள்ள ஒருவரைத் தவிர வேறெவரும் திறக்கக்கூடாது.

5. மீற்றரையும் சோதியுங்கள். புதிய ரோர்ச் பற்றரியை அளந்தால் 1.5 வோல்ட் அளவில் காட்டவேண்டும். சிவப்பு வயர் 10 அம்பியர்த் துளையில் இருக்கும்போது வோல்டை அளக்கப் போனால் ஷோர்ட் ஆகிவிடும்.

பழுதைத் தேடும் ஒழுங்கு

படி 1: வாசித்தல். முதலில் பவர் பெட்டியின் அடியிலுள்ள எழுத்தை வாசியுங்கள். எமது இரண்டாவது கொமடோர் கனடாவிலிருந்து வந்தது. அதன் பெட்டியில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. எமது நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரடியாகச் செருகியிருந்தால் டிரான்ஸ்போமர் எரிந்திருக்கும். இங்கிலாந்திலிருந்து வருபவை 240 வோல்டுக்கு உரியவை; அவற்றால் இந்தத் தொல்லை இல்லை. உறவினர் எந்த நாட்டிலிருந்து எதை அனுப்பினாலும் இந்த எழுத்தைப் பார்க்காமல் செருகவேண்டாம்.

படி 2: பார்த்தல், மணத்தல். பிளக் கழன்ற நிலையில் வயர் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் இடமும் முனைப் பிளக்குக்குள் நுழையும் இடமும் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோகும். எலி கடித்த தடம் உண்டா? கருகிய மணம் உண்டா? முனைகளில் பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு உண்டா? எமது மழைக்காலத்து ஈரம் இதற்கு ஒரு முக்கிய காரணம். நனைந்த அல்லது களஞ்சியத்தில் கிடந்த பொருளைச் சில நாட்கள் காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டே சோதிக்கவேண்டும்.

படி 3: கரண்ட் இல்லாமல் அளத்தல். மூன்று சதுரக்கால் உள்ள பிளக்கானால் அதற்குள்ளே ஒரு பியூஸ் இருக்கும். அதைக் கழற்றி மீற்றரில் தொடர்ச்சி பாருங்கள். டிரான்ஸ்போமர் வகைப் பெட்டியானால், பிளக்கின் இரண்டு மின் கால்களுக்கிடையே ஓம் அளவில் ஒரு தடை காட்டவேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் வயரோ உள்ளே உள்ள சுற்றோ அறுந்திருக்கிறது. பிளக்கின் மின் கால்களுக்கும் கணனிப் பக்க முனைகளுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால் அந்தப் பெட்டியைக் கைவிடுங்கள். 230 வோல்ட் பிள்ளையின் கைவரை வரும் வழி அது.

படி 4: கணனியை இணைக்காமல் கரண்ட் கொடுத்து அளத்தல். கணனியைத் தூரத்தில் வைத்துவிட்டுப் பவர் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, வெளிவரும் வோல்டை அளந்து எழுதுங்கள்.

படி 5: சுமை கொடுத்து அளத்தல். இதைப் பலர் செய்வதில்லை. வெறுமனே அளக்கும்போது சரியாகக் காட்டும் பெட்டி, வேலை கொடுத்ததும் சோர்ந்துவிடலாம். கணனிக்குப் பதிலாக ஒரு வாகன பல்பைச் சுமையாக வைக்கலாம். 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்ப் 5 வோல்டில் ஏறக்குறைய ஓர் அம்பியர் இழுக்கும். மங்கலாகவே எரியும், ஆனால் சூடாகும். பல்பை இணைத்து அரை மணி நேரம் விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். சூடேறிய பின்னரே வெளிப்படும் பழுதுகள் உண்டு. எமது முதல் கொமடோர் பத்து நிமிடம் நன்றாக ஓடியதை மறக்கவேண்டாம்.

படி 6: அலையைப் பார்த்தல். அதே டிசி முனைகளில் மீற்றரை ஏசி அளவில் வைத்துப் பாருங்கள். நல்ல 5 வோல்ட் வழியில் ஒரு வோல்டின் நூறில் சில பங்கு மட்டுமே காட்டவேண்டும். அதற்குப் பல மடங்கு காட்டினால் கண்டன்சர் வற்றிவிட்டது என்று பொருள். சில மலிவான மீற்றர்கள் டிசியையும் கலந்து காட்டும். அப்போது சிவப்பு வயருக்குத் தொடராக 0.1 மைக்ரோபரட் கண்டன்சர் ஒன்றை வைத்து அளக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மாத்திரம் கணனியை இணையுங்கள்.

ஒவ்வொரு கணனிக்கும் உரிய கணக்கு

கொமடோர் 64: பவர் பெட்டியிலிருந்து இரண்டு வகை மின்சாரம் வருகிறது. ஒன்று 5 வோல்ட் டிசி, மற்றது 9 வோல்ட் ஏசி. ஏழுமுனைப் பிளக்கில் 5ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் இடையே 5 வோல்ட் டிசி. 6ஆம் 7ஆம் முனைகளுக்கிடையே 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட் என்பது 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கவேண்டும். ஏசி வெறுமனே அளக்கும்போது 10, 11 வரை காட்டினால் பயப்படவேண்டாம். இந்தப் பெட்டிகள் பலவற்றின் உட்பகுதி பிசினால் நிரப்பப்பட்டிருப்பதால் சூடு வெளியேறுவது கடினம். காலப்போக்கில் ரெகுலேற்றர் பழுதாகி வோல்ட் கூடிவிடும். நினைவகச் சில்லுகளே முதலில் பலியாகும். பிசின் பெட்டியைத் திருத்தப் போகாமல், புதிய மின்வழங்கி ஒன்றை அறிந்தவரைக் கொண்டு செய்விப்பதே நல்லது. இடையில் வோல்ட் கூடினால் தானாகவே துண்டிக்கும் காப்புச் சுற்று ஒன்றையும் வைக்கலாம்.

இக்கணனியில் சிவப்பு விளக்கு எரிந்தாலே கரண்ட் சரி என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. வோல்ட் குறைந்தாலும் கூடினாலும் அந்த விளக்கு எரியும். விளக்கு எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், 9 வோல்ட் ஏசி வருகிறதா என்றும், கணனிக்குள்ளே அந்த வழியிலுள்ள 1.5 அம்பியர் பியூஸ் நல்லதா என்றும் பாருங்கள்.

சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம்: 9 வோல்ட் டிசி, 1.4 அம்பியர். ரெகுலேற்றர் பெட்டிக்குள் இல்லை, கணனிக்குள் இருக்கிறது. ஆகவே பெட்டியை வெறுமனே அளந்தால் 12, 13 வோல்ட் காட்டும், அது பழுதல்ல. 12 வோல்ட் 10 வாட் பல்பைச் சுமையாக வைத்ததும் நன்றாக இறங்கிவிடும். இங்கே கவனிக்கவேண்டியது திசை. பெரும்பாலான அடப்டர்களில் முனையின் உட்துளை நேர், வெளிவளையம் எதிர். ஸ்பெக்ட்ரத்தில் உட்துளை எதிர், வெளிவளையம் நேர். கடையில் கிடைக்கும் வேறொரு 9 வோல்ட் அடப்டரை அப்படியே செருகினால் கணனி பாழாகும். மீற்றரின் சிவப்பு முனையை உட்துளையில் வைக்கும்போது எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் திசை சரி. எமது ஸ்பெக்ட்ரத்தின் பழுது வயருக்குள் இருந்தது. முனைப் பிளக்குக்கு அருகில் அறுந்திருந்தது. இரண்டு அங்குலம் வெட்டிப் புதிய முனை பற்றவைத்ததும் ஓடியது.

பிபிசி மைக்ரோ: மின்வழங்கி கணனியின் உள்ளேயே இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இரும்புப் பெட்டியைத் திறக்காமலே, பலகைக்கு வரும் சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே 5 வோல்ட் பார்க்கலாம். இதில் எல்லோருக்கும் வரும் பழுது ஒன்றுண்டு. 230 வோல்ட் நுழையும் இடத்திலுள்ள சிறு கண்டன்சர்களின் உறை வயதாகி வெடிக்கிறது. வெடிப்புக்குள் ஈரம் புகுகிறது. பின்னர் கரண்ட் கொடுத்ததும் பெரும் புகையும் பொறுக்கமுடியாத நாற்றமும் வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் கணனி பெரும்பாலும் தப்பிவிடும். நோர்வூட்டின் ஈரத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே கரண்ட் கொடுக்குமுன்பே அனுபவமுள்ள ரேடியோ திருத்துநர் ஒருவரிடம் கொடுத்து அந்தக் கண்டன்சர்களை மாற்றுவித்தோம். எடுத்த பழையவற்றில் வெடிப்பு இருந்தது. இம்முறை நாம் முந்திக்கொண்டோம்.

அடையாளமும் காரணமும்

எந்த அசைவும் இல்லை: பிளக் பியூஸ், அறுந்த வயர், டிரான்ஸ்போமர்.

விளக்கு எரிகிறது, திரை கறுப்பு: இரண்டாவது மின்வழி இல்லை, அல்லது வோல்ட் குறைவு, அல்லது சில்லு முன்னமே செத்துவிட்டது.

படத்தில் பட்டைகள் மெதுவாக நகர்கின்றன, ஒலியில் உறுமல்: கண்டன்சர் வற்றியிருக்கலாம்.

சிறிது நேரம் ஓடி நின்றுவிடுகிறது: சூட்டில் சோரும் ரெகுலேற்றர். உடனே நிறுத்தி, கணனியைக் கழற்றிவிட்டு அளக்கவும்.

வயரை அசைத்தால் வருகிறது, போகிறது: முனையிலோ வயரிலோ முறிவு.

கருகிய மணம்: சுவிட்சை நிறுத்தவும். “இன்னொருமுறை போட்டுப் பார்ப்போம்” என்ற எண்ணமே பெரும்பாலான நட்டத்துக்குக் காரணம்.

இதை வீட்டுக்குக் கொண்டுபோவோம்

ரேடியோவுக்கோ ரவுட்டருக்கோ விளக்குக்கோ புதிய அடப்டர் வாங்கும்போது நான்கு விடயங்களைப் பொருத்திப் பாருங்கள். வோல்ட் அதேயாக இருக்கவேண்டும். அம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. ஏசியா டிசியா என்பது பொருந்தவேண்டும். நேர், எதிர் திசை பொருந்தவேண்டும். முனை துளைக்குள் நுழைகிறது என்பது மட்டும் போதாது. போன் சார்ஜர் பழுதானால் திறக்காதீர்கள். அளந்து பார்த்து, கெட்டதை ஒதுக்குங்கள். ஒரே சொக்கற்றில் பல வயர்களை முறுக்கி இணைப்பதும் பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய வயரில் கரண்ட் இழுப்பதும் லயத்துக்கே தீ வைக்கும் காரியம். ஒரு கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை மறக்கவேண்டாம்.

இன்று எமது வகுப்பில் ஸ்பெக்ட்ரமும் பிபிசி மைக்ரோவும் ஓடுகின்றன. இரண்டாவது கொமடோர் புதிய மின்வழங்கிக்காகக் காத்திருக்கிறது. செத்த கொமடோரை நாம் எறியவில்லை. அது வகுப்பின் முன்மேசையில் மூடி திறந்தபடி இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் பாடம் அதிலிருந்துதான். தவறைச் செய்தது ஆசிரியர்களாகிய நாமே என்பதையும் சொல்லியே பாடத்தைத் தொடங்குகிறோம். கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று வேதத்தில் கற்ற நாம், மேசைமுன் அதை மறந்துவிட்டோம்.

துருசைப் பற்றிச் சொன்ன பெரியவரின் மகன் இப்போது அயலவர் கொண்டுவரும் அடப்டர்களை அளந்து கொடுக்கிறான். அளந்ததைக் கொப்பியில் எழுதுகிறான். ஒருநாள் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த தகப்பனார் சொன்னார்: “ரெண்டு தரம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம் சேர். நிலத்தைத் தூக்கிட்டு வர முடியல்ல. கையில படிஞ்ச வேல மட்டுந்தான் கூட வந்துச்சு.”

குழுவாகச் சிந்திக்க

1. எமது வீட்டில் அண்மையில் எரிந்துபோன மின்பொருள் எது? அதைக் கரண்டில் போடுமுன் அளந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா?

2. எமது லயத்தில் ஆபத்தான வயர் இணைப்புகள் எங்கே உள்ளன? யார் யாருடன் பேசி அதைத் திருத்தலாம்?

3. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மீற்றரை வாங்கினால் அதை யார் பொறுப்பில் வைப்பது? யாரைப் பழக்குவது?

4. இடம்பெயரும்போது எம்முடன் வந்த கைத்தொழில் எது? அதை எமது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோமா?